ரைட்டரின் சுருக்கொப்பம்

தேவசிகாமணி கடிதம் எழுத உட்கார்ந்துவிட்டால் அந்த வீட்டில் கோழியை விரட்டக்கூடச் சத்தம் போடக் கூடாது. வேலம்மாளும் புருஷனுக்காக இத்தனை வருஷம் கோழியைக் கையை ஆட்டியே விரட்டிப் பழகிவிட்டாள். மேலே வெள்ளைத்தாள், நடுவில் கார்பன், அடியில் பழுப்புத்தாள். வலது மூலையில் வரிசை எண், அதன் கீழே தேதி. அசலைத் தபாலில் சேர்த்துவிட்டு, நகலைத் துளை போட்டுக் கோப்பில் கோத்து, கோப்பின் முதல் பக்கத்தில் எண்ணையும் பொருளையும் பதிந்த பிறகுதான் அவர் காப்பியைக் கையில் எடுப்பார். முப்பத்து நான்கு வருஷம் காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்தவர். வேலையை விட்டு வந்து ஆறு வருஷம் ஆகியும் வேலை அவரை விடவில்லை.

அந்த ஆறு வருஷத்தில் பத்திரிகைகளுக்கு அவர் எழுதிய கடிதங்கள் நூற்று நாற்பத்தேழு. அச்சில் வந்தவை இரண்டு. முதலாவது நார்த்தங்காட்டுத் தபால்பெட்டிக்கு வர்ணம் பூச வேண்டும் என்பது; அவருடைய பதினாறு வரியைப் பத்திரிகைக்காரர்கள் மூன்றாகக் குறைத்திருந்தார்கள். இரண்டாவதில் கடிதம் முழுசாக வந்தது, பெயர் வேறு யாருடையதோ வந்தது. மீதி நூற்று நாற்பத்தைந்தில் பெரும்பாலானவற்றுக்குப் பொருள் ஒன்றுதான்: வாத்தியார்கள் பேசும் தமிழ்.

அவர் படித்தது ராசிபுரம் பக்கத்தில் ஒரு சின்ன ஊர்ப் பள்ளிக்கூடத்தில். 'வந்திச்சு' என்று ஒரு தடவை வாய் தவறிச் சொன்னதற்காகத் தமிழய்யா அவரை ஒரு பொழுது பூராவும் பெஞ்சு மேல் நிறுத்தி வைத்தார். அன்றைக்குக் கால் நடுங்கியதுதான் தன் தமிழுக்கு அஸ்திவாரம் என்று தேவசிகாமணி நம்பினார். இன்றைக்குப் பிள்ளைகளுக்குக் கால் நடுங்குவதில்லை, ஆகவே தமிழும் இல்லை. வேலம்மாளைத் தவிர மற்ற எல்லோரிடமும் அவர் அச்சடித்த மாதிரிதான் பேசுவார்.

நூற்று நாற்பத்தெட்டாவது கடிதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் பிறந்தது.

நார்த்தங்காடு, மலைமேல் கொட்டச்சேட்டுக்கும் செம்மநத்தத்துக்கும் நடுவில், பஸ் ஓட்டுநர் மனசு வைத்தால் பஸ் நிற்கும் ஊர். ஒரு பக்கம் எஸ்டேட் ஆட்களின் லைன் வீடுகள், இன்னொரு பக்கம் மலைக்காரர்களின் சாமைக்காடு. இரண்டுக்கும் பொதுவாக ஓராசிரியர் பள்ளிக்கூடம். தேவசிகாமணி தபால்பெட்டி வரை போய்த் திரும்புகிறபோது பள்ளிக்கூடத்து ஜன்னல் வழியாக டீச்சரின் குரல் கேட்டது.

"ஏங் கண்ணு, சிலேட்டை மறந்துட்டு வந்துட்டே? நேத்து ஊட்டுல நொம்ப வேலையா?"

அவர் அப்படியே நின்றார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்.

டீச்சர் கண்ணாயி அந்தப் பக்கத்து மலைக்காரக் குடும்பத்தில் பிறந்தவள். அங்கிருந்து ஆசிரியர் பயிற்சி வரைக்கும் போன முதல் ஆள். இருபத்தாறு வயசு. ரைட்டரைப் பார்த்ததும் இருந்த ஒரே நாற்காலியை நகர்த்திப் போட்டாள்.

"உக்காருங்க ஐயா."

"உட்கார வரவில்லை. தாங்கள் சற்று முன் பேசியது எந்த மொழி?"

"தமிழுங்க."

"ஊடு என்ற சொல் எந்தப் பாடநூலில் உள்ளது?"

"பாடநூல்ல இல்லீங்க. இந்தப் புள்ளைங்க வாயில இருக்குதுங்க. ஒன்னாங்கிளாஸ் புள்ளைங்க. மொதல்ல வாயைத் தொறக்கணுமில்லீங்களா. தொறந்துட்டா உள்ள எதை வேணாலும் வெச்சுக்கலாம். மூணாங்கிளாஸ் வரட்டும், அவங்களே வீடுன்னு எழுதுவாங்க."

"அஸ்திவாரமே கோணலாக இருந்தால்?"

"நீங்க ஒரு நாளைக்கு வந்து உக்காந்து பாருங்க ஐயா. மத்தியானம் வரைக்கும் இருந்தாப் போதும்."

"எனக்கு வேலை இருக்கிறது," என்று தேவசிகாமணி வெளியே வந்தார். வேலை இருந்தது உண்மைதான்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். கண்ணாயிக்கு முன்னால் அந்தப் பள்ளிக்கூடம் ஒன்றரை வருஷம் பூட்டிக் கிடந்தது. அதற்கும் முன்னால் இருந்த வாத்தியார் திங்கட்கிழமை பஸ்சில் ஏறி வந்து, வாரம் முழுவதுக்குமான கையெழுத்தைப் போட்டுவிட்டு, அதே பஸ் திரும்புகிறபோது அதில் ஏறி மலையிறங்கிப் போனார். அவரைப் பற்றி தேவசிகாமணி ஒரு வரிகூட எழுதியதில்லை. பஸ் திரும்பி வருகிற அந்த இருபது நிமிஷத்தில் அவர் பேசிய தமிழ் குற்றம் சொல்ல முடியாத தமிழ்.

கடிதம் ஒன்பதாம் நாள் வெளிவந்தது. சேலம் பதிப்பு, நான்காம் பக்கம், கட்டம் கட்டி. 'மலையில் மாளும் தமிழ்' என்று அவர் வைத்த தலைப்பைத் தள்ளிவிட்டு 'ஊடு கட்டும் ஆசிரியை' என்று போட்டிருந்தார்கள். அது ஒன்றுதான் மாற்றம். இருபத்திரண்டு வரியும், ஊர்ப் பெயரும், கடைசியில் 'தேவசிகாமணி, ஓய்வு பெற்ற ரைட்டர், நார்த்தங்காடு' என்பதும் அப்படி அப்படியே இருந்தன. அவர் கத்தரிக்கோலால் வெட்டி, பசை தடவி, கோப்பின் முதல் பக்கத்துக்கும் முந்திய பக்கமாக ஒரு பக்கம் சேர்த்து அதில் ஒட்டினார்.

அன்றைக்கு டீக்கடையில் அவருக்குச் சர்க்கரை தூக்கலாக விழுந்தது. கடைக்காரர் செங்கோடன் எஸ்டேட்டில் மேஸ்திரியாக இருந்தவர். அவரும் ஓய்வு பெற்றவர்தான். பேப்பரைத் தூக்கிப் பிடித்து எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வாசித்தார். நிற்க வேண்டிய இடத்தில் ஓடினார், ஓட வேண்டிய இடத்தில் நின்றார், 'வேதனையுடன்' என்கிற இடத்தில் யாருக்கோ வடை எடுத்துக் கொடுத்துவிட்டு 'தெரிவித்து'க்கு வந்தார். தேவசிகாமணிக்குப் பல் கூசியது.

"நம்ம ரைட்டரு பேரு பேப்பர்ல," என்றார் செங்கோடன், மடித்து வைத்துக்கொண்டே. "பேரு நல்லா பெருசா போட்டிருக்கானுங்க."

"என்ன எழுதியிருக்காருங்க?" என்று ஒருவன் கேட்டான்.

"பள்ளிக்கூடத்தைப் பத்தி. நல்லதாத்தான் இருக்கும்."

நல்லதாக இல்லை என்பது இரண்டு வாரம் கழித்துத் தெரிந்தது. சேலத்தில் ஏதோ ஓர் ஆபீசில் யாரோ அந்தக் கட்டத்தை வெட்டி ஒரு தாளில் ஒட்டி, 'விளக்கம் பெறவும்' என்று எழுதிவிட்டார்கள். தாள் மேசை மேசையாக ஏறி இறங்கிப் பருத்து, கண்ணாயிக்கு மெமோவாக வந்து சேர்ந்தது. வியாழக்கிழமை அதிகாரி நேரில் வந்து விசாரிப்பார். புகார் உறுதியானால் டீச்சருக்கு மலைக்குக் கீழே மாற்றல். 'மாற்று ஆசிரியர் பொறுப்பேற்கும் வரை பள்ளி மூடப்பட்டிருக்கும்' என்று கடைசி வரி. மாற்று ஆசிரியர் எப்போது பொறுப்பேற்பார் என்பதை ஊரில் எல்லோரும் ஒன்றரை வருஷம் ஏற்கெனவே படித்திருந்தார்கள்.

திங்கட்கிழமை சாயங்காலம், தேவசிகாமணி கோப்புக்கு அட்டை மாற்றிக்கொண்டிருந்தபோது, செங்கோடன் ஒரு பழைய சாக்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். கூடவே பூவாயி. காப்பிப் பழம் பறிக்கப் போகிறவள். அவள் மகள் அருக்காணி அந்தப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு. இன்னும் நாலைந்து பேர் வேலியோரமே நின்றுகொண்டார்கள்.

செங்கோடன் சாக்கைப் பிரித்து ஐந்து பேப்பர்களை எடுத்து வரிசையாகப் பரப்பினார். எல்லாம் ஒரே தேதி, ஒரே நான்காம் பக்கம்.

"ஏனுங்க ரைட்டரு, இதை அடிச்சுக் குடுத்துருங்க," என்றார்.

"எதை அடித்து?"

"எழுதுனதைத்தானுங்க. அஞ்சும் இருக்குது. ஒன்னு நம்ம கடையில இருந்தது. ஒன்னு சலூன் கடை. சினிமாப் பக்கத்தைக் கிழிச்சுட்டாங்க, உங்க பக்கம் பத்திரமா இருக்குதுங்க. ஒன்னு எஸ்டேட் ஆபீசு. இது கொட்டச்சேட்டுல எங்க மச்சான் ஊட்டுல பொரி கட்டி வெச்சிருந்தது. இது செம்மநத்தத்துல செவுத்துல ஒட்டியிருந்தது, உரிச்சுட்டு வந்தோம். பின்னாடி கொஞ்சம் சுண்ணாம்பு இருக்கும், கையில ஒட்டும் பாத்துக்குங்க."

தேவசிகாமணிக்கு ஒரு நிமிஷம் ஆயிற்று, அவர்கள் என்ன கேட்கிறார்கள் என்பது புரிய. புரிந்தபோது கோபமும் வரவில்லை, சிரிப்பும் வரவில்லை. அவர் வைத்த சட்டம்தான் அது.

எஸ்டேட்டில் செக்ரோல் என்று ஒரு பெரிய பதிவேடு உண்டு. யார் வேலைக்கு வந்தார்கள், யார் வரவில்லை என்பதைத் தினமும் காலையில் பேர் கூப்பிட்டு ரைட்டர் அதில் பதிவார். பதிந்தால் பதிந்ததுதான். தப்பாகப் பதிந்துவிட்டால் மேஸ்திரி திருத்தக் கூடாது, தோட்டத்தை மேற்பார்க்கும் கண்டக்டர் திருத்தக் கூடாது, துரையே வந்தாலும் பேனாவை வைக்கக் கூடாது. எழுதியவர் கையாலேயே ரூல்தடி வைத்து ஒரு சிவப்புக் கோடு, மேலே சுருக்கொப்பம், பக்கத்தில் காரணம். அப்போதுதான் அந்தப் பதிவு இல்லை என்று ஆகும். இதை முப்பத்து நான்கு வருஷம் தினமும் காலையில் அந்த ஊருக்கே அவர் சொல்லிக் கொடுத்திருந்தார்.

"பத்திரிகை செக்ரோல் அல்ல, செங்கோடன். இது ஆயிரக்கணக்கில் அச்சாகிறது. ஐந்தை அடித்தால் மீதி?"

"மீதியும் கொண்டாந்தர்றோமுங்க. சேலத்துல சின்னத்தம்பி லாரி ஓட்டறான், அவங்கிட்டச் சொல்லியிருக்குது. ஒரு பத்து நாளு ஆகும்."

"அச்சிட்டது பத்திரிகை நிர்வாகம். நான் அல்ல."

"அச்சடிச்சவங்க எத்தனை பேரோ இருக்கட்டுமுங்க. எழுதுன ஆளு நீங்க ஒருத்தருதானுங்களே?"

தேவசிகாமணி மூன்று தடவை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எழுதியது பொய் என்றால் அடிக்கலாம். உண்மையை எப்படி அடிப்பது? அந்த அம்மையார் ஊடு என்று சொன்னாரா இல்லையா?"

"சொன்னாங்க," என்றாள் பூவாயி. அவள் பேசுகிறபோது தரையைப் பார்த்தேதான் பேசுவாள், ஆனால் நிறுத்த மாட்டாள். "நானும் ஊடுன்னுதானுங்க சொல்றேன். மேஸ்திரியும் ஊடுன்னுதான் சொல்றாரு. உங்கூட்டு அம்மாவும் அப்பிடித்தான் சொல்றாங்க. எங்களையெல்லாம் வுட்டுட்டு டீச்சரை மட்டும் எதுக்குங்க எழுதுனீங்க?"

"நீங்கள் அரசாங்கச் சம்பளம் வாங்கிக்கொண்டு சொல்லவில்லை."

உள்ளே அடுப்படியிலிருந்து வேலம்மாளின் குரல் வந்தது. "நான் சம்பளமே இல்லாமச் சொல்றேன். என்னைப் பத்தியும் ஒரு காயிதம் போடுங்க. எந்த ஊருக்காச்சும் மாத்துனா நானும் போயிப் பாத்துட்டு வருவனில்ல."

வேலியோரம் நின்றவர்களில் ஒருத்தி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"ஒரு வருசம் நான் வேலைக்கு வந்த ஒரு நாளை வரலைன்னு போட்டுட்டீங்க," என்று பூவாயி தொடர்ந்தாள். "வந்தேன்னு நாலு பேரு சொன்னாங்க. நீங்க ஒத்துக்கலை. ஒரு வாரம் கழிச்சு நீங்களாத்தான் கோடு போட்டுக் கையெழுத்துப் போட்டீங்க. அன்னிக்கும் நீங்க எழுதுனது உண்மைன்னுதானுங்க சொன்னீங்க."

"அது வேறு."

"ஆமாங்க. அது எனக்கு ஒரு நாளு. இது அருக்காணிக்கு எத்தனை வருசமோ."

தேவசிகாமணி கோப்பை மூடினார். "என்னால் இயலாது. நான் எழுதியதில் ஓர் எழுத்தும் பிழை இல்லை."

"பிழை இல்லீங்க," என்று செங்கோடன் எழுந்தார். "பேப்பரு இங்கயே இருக்கட்டும். வியாழக்கிழமை பள்ளிக்கூடத்துக்கு எடுத்தாந்துருங்க. செவப்புப் பேனாவையும் மறந்துறாதீங்க."

மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் அந்த ஐந்து பேப்பர்களும் அவருடைய மேசை மேல் கிடந்தன. அவர் அவற்றை எடுத்து வைக்கவும் இல்லை, எறியவும் இல்லை. எப்போது அந்தப் பக்கம் போனாலும் ஒரு தடவை வாசித்துப் பார்த்தார். வாசிக்க வாசிக்க நன்றாகத்தான் இருந்தது. அதுதான் தொந்தரவு.

வியாழக்கிழமை பனி இறங்கி, அதிகாரி ஞானசுந்தரம் பத்து மணிக்கு வர வேண்டியவர் பன்னிரண்டுக்கு வந்தார். மூன்று மணி பஸ்சைப் பிடிக்க வேண்டும் என்பதை வந்ததும் முதலில் சொன்னார். இருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்தார். கைக்குட்டையால் கழுத்தைச் சுற்றிக்கொண்டார். சுவரோரம் ஊர் நின்றது. தேவசிகாமணி கஞ்சி போட்ட சட்டையோடு, கோப்பை ஒரு கக்கத்திலும் சாக்கை இன்னொரு கக்கத்திலும் வைத்துக்கொண்டு நின்றார். சாக்கை ஏன் எடுத்துவந்தோம் என்று அவருக்கே தெரியவில்லை. வேலம்மாள் ஐந்து பேப்பரையும் சிவப்புப் பேனாவையும் அதில் போட்டுக் கையில் கொடுத்தாள், வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

அதிகாரி முதலில் கண்ணாயியின் விளக்கத்தை வாசித்தார். அது மூன்றே வரி. 'புகாரில் கண்டவாறு நான் பேசியது உண்மை. முதல் வகுப்புப் பிள்ளைகளுடன் அவ்வாறே பேசிவருகிறேன். இனியும் பேசுவேன் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.'

"என்னம்மா இது," என்றார் ஞானசுந்தரம். "தெரியாமச் சொல்லிட்டேன்னு எழுதியிருந்தா நான் இப்பவே பஸ் ஸ்டாப்புக்குப் போயிருப்பேன்."

"தெரிஞ்சுதானுங்க ஐயா சொன்னேன்."

அதிகாரி பெருமூச்சு விட்டார். சரி, பிள்ளைகளைச் சோதிக்கலாம் என்று அரசாங்கக் குரலுக்கு மாறினார். முன் வரிசையில் இருந்த ஒரு பொடியனைக் காட்டி, "நின் தந்தையார் யாது தொழில் புரிகின்றார்?" என்று கேட்டார்.

பிள்ளை அவர் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தது. பக்கத்துப் பிள்ளையைக் கேட்டார். அது பக்கத்துப் பிள்ளையைப் பார்த்தது.

"பாத்தீங்களா," என்றார் அதிகாரி, யாரையும் குறிப்பாகப் பார்க்காமல். தேவசிகாமணி தலையை ஆட்டினார்.

"உங்கப்பா என்ன வேலைக்குப் போறாருன்னு ஐயா கேக்கறாரு கண்ணு," என்றாள் கண்ணாயி.

"என் அப்பா காப்பித் தோட்டத்தில் மரம் கவாத்து செய்கிறார்," என்றது பிள்ளை. அதிகாரிக்குக் கவாத்து என்றால் என்னவென்று தெரியவில்லை. கிளை வெட்டுவது என்று செங்கோடன் சொன்னார். அதிகாரி அதைக் குறித்துக்கொண்டார்.

"வாசிப்பு பாக்கணும். பாடப் புத்தகம் வேண்டாம், அதை மனப்பாடம் பண்ணியிருப்பாங்க. முன்னப்பின்ன பாக்காத ஒன்னு வேணும்." அவர் அங்குமிங்கும் பார்த்தார். பள்ளிக்கூடத்தில் பாடப் புத்தகம் தவிர வேறு அச்சுத்தாள் எதுவும் இல்லை. பிறகு அவர் கண் ரைட்டரின் கக்கத்துச் சாக்கில் துருத்திக்கொண்டிருந்த பேப்பரில் விழுந்தது. "அதைக் குடுங்க. நாலாம் பக்கம் மேல இருக்கே, அந்தக் கட்டத்துல இருக்கறதையே வாசிக்கட்டும். மூணாங்கிளாஸ் யாரு?"

அருக்காணி எழுந்தாள். இரண்டு சடை. ஒன்றில் ரிப்பன் இருந்தது, இன்னொன்றில் ரப்பர் பேண்டு. சுண்ணாம்பு ஒட்டிய பேப்பரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தாள்.

தேவசிகாமணி பல் கூசுவதற்குத் தயாரானார். கூசவில்லை. நிற்க வேண்டிய இடத்தில் அவள் நின்றாள். அவர் மூச்சு விட்ட இடத்தில் மூச்சு விட்டாள். 'தாய்மொழியின் தூய்மை' என்று வந்தபோது அந்த இரண்டு சொற்களுக்கும் நடுவில், எழுதும்போது அவர் பேனாவைத் தூக்கிய அந்த இடத்தில், ஒரு சின்ன இடைவெளி விட்டாள். ஆறு வருஷத்தில் நூற்று நாற்பத்தெட்டுக் கடிதம் எழுதியவர். அவற்றில் ஒன்றைக்கூட அடுத்தவர் வாயால் இப்படிக் கேட்டதில்லை. பின்னால் யாரோ இருமியபோது திரும்பி முறைத்தார்.

"'இப்பள்ளியில் பயிலும் பிள்ளைகள்,'" என்று அருக்காணி கடைசிக்கு வந்தாள், "'நாளை ஒரு செய்தித்தாளைக்கூடப் பிழையற வாசிக்கும் நிலையை எய்தமாட்டார்கள் என்பதை மிக்க வேதனையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.'"

முடித்துவிட்டுப் பேப்பரைத் தாழ்த்தினாள். கொஞ்சம் யோசித்தாள்.

"டீச்சரு, இது எந்தப் பள்ளிக்கூடத்தைச் சொல்றாங்க?"

"உக்காரு கண்ணு," என்றாள் கண்ணாயி.

அதிகாரி ஞானசுந்தரம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மணி இரண்டே கால்.

"வாசிப்பு திருப்திகரம். ஆனா அதுவல்ல இங்க பிரச்சினை," என்றார். "புகார் நிலுவையில இருக்கு. புகார்தாரர் உறுதிப்படுத்துனா மாற்றல். வாபஸ் வாங்குனா ஃபைல் மூடிரலாம். ரெண்டுக்கும் படிவம் உண்டு. உறுதிப்படுத்தற படிவம் கொண்டுவந்திருக்கேன். வாபஸ் படிவம் ஆபீசுல தீந்து போச்சு, அச்சாபீசுல இருந்து வர மூணு மாசம் ஆகும். அதுவரைக்கும் விதிப்படி பூட்டி வைக்க வேண்டியதுதான்."

"படிவம் இல்லீன்னா வேற வழியே இல்லீங்களா?" என்று செங்கோடன் கேட்டார்.

"வேற வழின்னா…" அதிகாரி விதிகளை மேலே ஓட்டின் பக்கம் பார்த்து ஞாபகப்படுத்தினார். "அசல் புகார்லயே புகார்தாரர் கைப்பட அடிச்சு, சுருக்கொப்பம் போட்டு, காரணம் எழுதியிருந்தா அதை ஏத்துக்கலாம். ஆனா அசல் புகார் பத்திரிகையில வந்ததாச்சே. அதை எங்க போயி…"

செங்கோடன் ரைட்டரின் கக்கத்திலிருந்து சாக்கை உருவி, மீதி நான்கு பேப்பர்களையும் எடுத்து, நாற்காலிக்கு முன்னால் தரையில் ஒவ்வொன்றாக விரித்தார். அருக்காணி தன் கையிலிருந்ததை ஐந்தாவதாக வைத்தாள்.

அதிகாரி குனிந்து பார்த்தார். "இதுல எது அசல்?"

"அஞ்சும் அசல்தானுங்க. எதையும் கார்பன்ல எடுக்கலை."

ஞானசுந்தரத்தின் முகத்தில் முதல்முறையாக ஒரு மரியாதை தெரிந்தது. "சரியாத்தான் இருக்கு," என்றார். "புகார்தாரர் என்ன சொல்றீங்க?"

எல்லோரும் தேவசிகாமணியைப் பார்த்தார்கள். கண்ணாயி மட்டும் பார்க்கவில்லை. அவள் முதல் வகுப்புப் பிள்ளை ஒன்றின் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அவர் எழுதியதில் பிழை இல்லை. இப்போது கேட்டபோது அது இன்னும் உறுதியாகத் தெரிந்தது. அந்தச் சிறுமி வாசித்த வாசிப்பில் ஒவ்வொரு வாக்கியமும் தூண் மாதிரி நின்றது. இந்தப் பள்ளிக்கூடத்தைப் பூட்டிவிட்டால், நாளைக்கு நூற்று நாற்பத்தொன்பதாவது கடிதம் அச்சில் வந்தாலும் அதை இப்படி வாசிக்க ஆள் இருக்காது. அதைச் செங்கோடன் வாசிப்பார், நடுவில் வடை கொடுப்பார். தேவசிகாமணி செங்கோடனைப் பார்த்தார். அருக்காணியைப் பார்த்தார்.

"ரூல்தடி இருக்கிறதா?" என்று கேட்டார்.

கண்ணாயி கரும்பலகைக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள்.

அவர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். வேட்டியில் சுண்ணாம்பு பட்டது. மூலையிலிருந்து மூலைக்கு ஒரே கோடு, சிவப்பு மையில் போட்டார். கோட்டுக்கு மேலே சுருக்கொப்பம், தேதி. இப்படி ஐந்து. சலூன் பேப்பரில் மை கொஞ்சம் ஊறியது.

"காரணம்," என்றார் அதிகாரி, மேலிருந்து.

அங்கேதான் பேனா நின்றது. 'தவறுதலாகப் பதியப்பட்டது' என்று எழுதலாம், ஆனால் பதிந்ததில் தவறு இல்லை. 'விசாரணையில் மெய்ப்பிக்கப்படவில்லை' என்று எழுதலாம். ஆனால் டீச்சரே ஒத்துக்கொண்டாயிற்று. பொய்க் காரணம் எழுதி அவர் ஒரு பதிவையும் அடித்ததில்லை. மணி இரண்டரை ஆயிற்று. அதிகாரி காலை மாற்றிப் போட்டு உட்கார்ந்தார்.

எஸ்டேட்டில் எப்போதாவது ஓர் ஆளைக் குற்றம் எழுதி நிறுத்திவிட்டு, பழம் பழுத்துக் கொட்டுகிற சமயத்தில் பறிக்க ஆள் இல்லாமல் துரை திண்டாடுவார். அப்போது நிறுத்தின ஆளையே திரும்பக் கூப்பிடச் சொல்வார். குற்றம் குற்றம்தான், ஆனால் பழம் காத்திருக்காது. அந்த மாதிரிச் சமயத்தில் செக்ரோலில் எழுதுவதற்கென்று இரண்டே சொல் உண்டு. தேவசிகாமணி ஐந்து பேப்பரிலும் கோட்டுக்குப் பக்கத்தில் அதைத்தான் எழுதினார்: 'ஆள் தேவை.'

ஞானசுந்தரம் வாசித்தார். திருப்பி வாசித்தார். "இப்பிடி ஒரு காரணம் எங்க விதியில இல்லையே," என்றார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். "ஆனா கூடாதுன்னும் இல்லை." எஸ்டேட் ஆபீஸ் பிரதியை மடித்து ஃபைலில் வைத்து, பஸ்சைப் பிடிக்கப் பனிக்குள் நடந்தார்.

கூட்டம் கலைந்தது. பூவாயி ரைட்டரின் வேட்டிச் சுண்ணாம்பைப் பார்த்துவிட்டு, "தட்டுனா போயிருமுங்க," என்று மட்டும் சொன்னாள். கண்ணாயி ரூல்தடியை வாங்கி வைத்துக்கொண்டாள். நன்றி என்று அவள் சொல்லவில்லை. "ஒரு நாளைக்கு வந்து உக்காந்து பாருங்கன்னு சொன்னேனுங்க ஐயா," என்றாள். "வந்துட்டீங்க."

"நான் விசாரணைக்கு வந்தேன்," என்றார் தேவசிகாமணி.

பத்து நாள் கழித்து சின்னத்தம்பியின் லாரியில் மீதிப் பேப்பர் ஒரு மூட்டை வந்து சேர்ந்தது. இனித் தேவையில்லை என்று அவர் எவ்வளவோ எடுத்துச் சொன்னார். பாதியில் விட்டால் செல்லாது என்று செங்கோடன் கேட்கவில்லை. நான்கு மத்தியானம் உட்கார்ந்து எல்லாவற்றையும் அடித்துக் கொடுத்தார். சிவப்பு மைப்புட்டி ஒன்று காலியானது.

அதற்கடுத்த வாரம், கோப்பில் நூற்று நாற்பத்தொன்பது என்று எண்ணை மட்டும் போட்டுவிட்டு அவர் யோசித்துக்கொண்டிருந்தபோது, செங்கோடனும் பூவாயியும் வாசலில் நின்றார்கள். செங்கோடன் கையில் அன்றைய பேப்பர். மூன்றாம் பக்கத்தில் ஒரு மூலையில் சின்னதாக ஒரு செய்தி: பாதை சரியில்லாததால் செம்மநத்தம் பஸ் அடுத்த மாதம் முதல் நிறுத்தப்படுகிறது.

"இதையும் அடிச்சுக் குடுத்துருங்க ரைட்டரு," என்றார் செங்கோடன்.

"இதை நான் எழுதவில்லை, செங்கோடன்."

"நீங்க எழுதலைன்னு தெரியுதுங்க. உங்க பேரு போடலை."

"எழுதியவர்தான் அடிக்க வேண்டும். அது உங்களுக்கே தெரியும்."

"அதனாலதானுங்க வந்தோம்," என்றாள் பூவாயி, தரையைப் பார்த்தபடி. "எழுதுனது எந்த எஸ்டேட்டு ரைட்டருன்னு மட்டும் சொல்லுங்க. நாங்க போயிக் கேட்டுக்கறோம்."